கிழப்பூனைக்குக் கால் மாத்திரை

அடுக்களை மேடையில் ஒரு மாத்திரை. பக்கத்தில் காய் நறுக்கும் கத்தி. காலையிலிருந்து பழைய துணிமூட்டை மேல் சுருண்டு கிடக்கிறது வீட்டுப் பூனை. தொட்டால் சுடுகிறது; தட்டில் வைத்த மீன் அப்படியே இருக்கிறது. பாவம், காய்ச்சல் போலிருக்கிறது. மனிதருக்கு ஒரு மாத்திரை என்றால் பூனைக்குக் கால் மாத்திரை போதாதா? 500 மில்லிகிராம் பாராசிட்டமாலை நாலாக வெட்டினால் ஒரு துண்டில் 125 மில்லிகிராம். பூனையின் எடை 4 கிலோ என்றால் கிலோவுக்கு 31 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நஞ்சேறிய பூனைகள் உண்டு. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு இரைக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சாக்லேட் நிறம். கணக்கில் பிழை இல்லை; பூனைதான் பிழைக்காது.

இந்தக் கால் மாத்திரைக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பூனை மருத்துவம் என்ற ஒன்று உருவாவதற்கு முன்பு பூனைக்குக் கிடைத்த மருத்துவமே அதுதான். மனிதருக்கோ நாய்க்கோ செய்த மருந்து, எடையைப் பார்த்து வெட்டிய துண்டு. வீட்டில் மட்டுமல்ல, மருத்துவர்களின் மேசையிலும் வெகுகாலம் இதே கணக்குதான் ஓடியது.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோனில் 1762இல் திறந்தது. லண்டனில் 1791இல் வந்தது. இரண்டிலும் மாணவர்கள் படித்தது பெரும்பாலும் குதிரையை. சென்னை வேப்பேரியில் 1903இல் கல்லூரி வந்தபோதும் முன்வரிசையில் நின்றவை மாடும் குதிரையும்தான். உழவுக்கும் வண்டிக்கும் படைக்கும் பயன்பட்ட விலங்குக்கே வைத்தியச் செலவு கட்டுபடியாகும். வேட்டைக்கார நாய்களுக்கு அடுத்த இடம். பூனைக்கு எலிதான் சம்பளம், அதில் வைத்தியப்படி கிடையாது. நோய் கண்ட பூனை பரணிலோ வைக்கோல் போரிலோ ஒதுங்கும். பிழைத்தால் வெளியே வரும். வராவிட்டால் அடுத்த குட்டி அந்த இடத்துக்கு வரும்.

1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் பூனைக் கண்காட்சி நடத்தினார். கூண்டுக்குள் மெத்தையில் உட்கார்ந்த பூனைகளைப் பார்க்கக் கூட்டம் நெரிந்தது. பூனைக்கும் விலை வந்தது. விலை வந்ததும் வைத்தியமும் வந்தது, ஆனால் நாயின் அலமாரியிலிருந்து.

அந்தக் காலத்து அலமாரியில் கார்பாலிக் அமிலத்துக்கு முக்கிய இடம். ஜோசப் லிஸ்டர் 1867இல் அதை அறுவைக் காயங்களில் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டதும் ஐரோப்பா முழுக்க அதே வாடை. காயம் கழுவ, தரை துடைக்க, உண்ணி போக்க, சோப்பில் கலக்க என்று எதற்கெடுத்தாலும் கார்பாலிக். நம் வீடுகளில் கழிப்பறைக்கு ஊற்றும் கறுப்புப் பினாயிலும் தாரிலிருந்து வந்த இதே குடும்பத்துச் சரக்குதான். நாய் அந்தத் தரையில் நடந்து போய்விடும். பூனையும் நடக்கும், ஆனால் அது ஓர் ஓரத்தில் உட்கார்ந்து நாலு பாதங்களையும் விரல் இடுக்கு விடாமல் நக்கிச் சுத்தம் செய்யும். சுத்தக்காரப் பிராணிக்கு அந்தச் சுத்தமே எமனானது.

1899இல் பேயர் நிறுவனம் ஆஸ்பிரினை அந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. மனிதர்கள் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்ட மருந்து அது. பூனையின் உடலிலோ உள்ளே போனதில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். காலையில் கொடுத்தது கரையும் முன்பே மாலை வேளைத் துண்டு போய்ச் சேரும். மூன்றாம் நாள் பூனை தள்ளாடும், ரத்தமாக வாந்தி எடுக்கும். துண்டு சிறியதாக இருந்து என்ன பயன், அது போய்ச் சேர்ந்த உடல் வேறு கடிகாரத்தில் ஓடுகிறதே.

அந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தவர்கள் மருந்தின் வழியைத் தேடிய உயிர்வேதியியலாளர்கள். 1958இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியிலிருந்து ராபின்சன், வில்லியம்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பே கேள்வி: பூனைகள் குளுகுரோனைடு உருவாக்குகின்றனவா? கல்லீரலுக்கு வரும் அந்நியப் பொருள் பலவற்றுக்கும், சர்க்கரையிலிருந்து பிறந்த ஓர் அமிலத்தை வால் போலக் கட்டி அனுப்புவது பாலூட்டிகளின் வழக்கம். வால் கட்டியதும் அந்தப் பொருள் நீரில் கரையும், சிறுநீரோடும் பித்தத்தோடும் வெளியேறும். பல பொருள்களுக்குப் பூனையின் கல்லீரல் அந்த வாலை மிகக் கஞ்சத்தனமாகவே கட்டுகிறது என்பது தெரியவந்தது. கார்பாலிக், ஆஸ்பிரின், பாராசிட்டமால் எல்லாம் ஒரே வாசலில் காத்துக் கிடப்பவை என்பதும் விளங்கியது.

காரணம் புரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோர்ட்டும் சக ஆய்வாளர்களும், அந்த வாலைக் கட்டும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு பூனையில் உடைந்து கிடப்பதை 2000இல் காட்டினார்கள். 2011இல் வந்த தொடர் ஆய்வு, வீட்டுப் பூனையோடு நிற்காமல் பூனைக் குடும்பத்தின் காட்டு உறவினர்களையும் சோதித்தது. அங்கும் அதே உடைப்பு. தாவரங்களில் இந்த வகைப் பொருள்கள் ஏராளம். இலையும் பழமும் தின்னும் விலங்குக்கு அந்த நொதி இல்லாமல் முடியாது. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த பரம்பரைக்கு அது தேவைப்படவில்லை. பயன்படாத கருவி துருப்பிடித்தது. மாத்திரை என்று ஒன்று வரப்போவது பூனையின் மூதாதைக்கு எப்படித் தெரியும்?

அதற்குள் பூனையின் வாழ்க்கையே மாறிவிட்டிருந்தது. மாற்றத்தின் தொடக்கம் ஒரு சாக்கு மண். 1947இல் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோவ் என்ற இளைஞர், பூனையின் மலப்பெட்டிக்கு மணல் கேட்டு வந்த அக்கம்பக்கத்துப் பெண்ணிடம், எண்ணெய்க் கறையை உறிஞ்சும் களிமண் குருணையைக் கொடுத்தார். நாற்றம் அடங்கியது. லோவ் அதையே பொட்டலம் கட்டி விற்றார். பூனை இரவில் வெளியே போக வேண்டிய தேவை குறைந்தது. வண்டியில் அடிபடுவதும், தெருச் சண்டையும், பட்டினியும் குறைந்தன. தடுப்பூசிகளும் வந்தன. பத்து வயதைத் தாண்டி, பதினைந்தைத் தொட்டு, சோபாவில் படுத்துக் கிடக்கும் கிழப்பூனை என்ற புதிய நோயாளி உருவானது.

அந்த நோயாளிக்கென்றே மருத்துவர்களும் வந்தார்கள். நியூயார்க்கில் லூயிஸ் கமூட்டி பூனைகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்த்தார். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மருத்துவர் என்று பெயரெடுத்தவர். பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். மணி அடித்ததும் நோயாளி மறைந்துவிடும். 1980இல் வந்த அவருடைய நினைவுநூலின் தலைப்பு, என் நோயாளிகள் எல்லாரும் கட்டிலுக்கடியில் என்று பொருள்படும். பாஸ்டனில் ஏஞ்சல் நினைவு மருத்துவமனையில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் இருந்தார். லத்தீன் படித்துவிட்டுக் கால்நடை மருத்துவத்துக்கு வந்தவர். நாய்க்கு நடுவே ஓர் அத்தியாயமாக இருந்த பூனை நோய்களைத் தனிப் பாடமாக எழுதியவர்களில் முன்னோடி. இங்கிலாந்தில் பூனை நலனுக்கென்று ஓர் அமைப்பு 1958இலும், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூனை நல மையம் 1974இலும் தொடங்கின.

மருத்துவர் கிடைத்தார். மருந்து? அது இன்னும் பழைய அலமாரியில்தான் இருந்தது.

கிழப்பூனையின் கதையில் பெரிய அத்தியாயம் தைராய்டு. நன்றாகத் தின்னும், ஆனால் இளைக்கும். ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றும். மயிர் சிலுப்பிக்கொண்டு நிற்கும். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். 1979இல் நியூயார்க்கின் மார்க் பீட்டர்சன் அது தைராய்டு மிகைச் சுரப்பு என்று பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஹோல்ஸ்வொர்த்தும் சக மருத்துவர்களும் சேர்ந்து பத்துப் பூனைகளின் விவரத்தை வெளியிட்டார்கள். தேடத் தொடங்கியதும் ஊரெங்கும் அகப்பட்டது. இன்று முதிய பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் சுரப்பி நோய் அதுதான்.

மனிதருக்கு அதே நோய்க்கு மாத்திரை இருந்தது. முதலில் எடுத்தது புரொபைல்தையோயூரசில். சுரப்பு அடங்கியது. ஆனால் சில பூனைகள் சோர்ந்து விழுந்தன, ஈறு வெளுத்தது, ரத்தம் உறையவில்லை. தன் ரத்தச் சிவப்பணுக்களையே பூனையின் உடல் எதிரியாக நினைத்து அழிக்கத் தொடங்கியிருந்தது. 1984இல் பீட்டர்சன் குழுவே அதையும் எழுதியது. மருந்தைக் கையிலெடுத்தவரே அதன் கேட்டையும் எழுதி வைத்தது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம்.

அடுத்து மெத்திமசோல். இந்த முறை எண்ணிக்கையை முறையாக வைத்துக்கொண்டார்கள். 1988இல் வெளியான ஆய்வில் 262 பூனைகள். ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்றில் வாந்தி, சோர்வு, தீனி மறுப்பு போன்ற தொல்லைகள். சில பூனைகள் மட்டும் வேறொன்று செய்தன: பின்னங்காலால் முகத்தையும் கழுத்தையும் தோல் உரியும்வரை சொறிந்துகொண்டன. மாத்திரையை நிறுத்தினால் அடங்கும். புண் என்று களிம்பு தடவியவர்களுக்கு அது மாத்திரையின் வேலை என்று தோன்றியிருக்காது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு தோன்றியது.

இன்னொரு சங்கடமும் தெரியவந்தது. அதை மருந்தின் குற்றம் என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. தைராய்டு மிகும்போது இதயம் வேகமாக அடித்துச் சிறுநீரகத்துக்கு ரத்தத்தைத் தள்ளும். தேய்ந்துபோன சிறுநீரகம்கூட அந்தத் தள்ளலில் சமாளித்து ஓடும். சோதனை முடிவு சரியாகவே இருக்கும். மாத்திரை சுரப்பைக் குறைத்ததும் தள்ளல் நிற்கும், மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளியே வரும். ஒரு நோயைக் குணமாக்கியதே இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும். முதிய பூனைக்கு இந்த மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது இதனால்தான்.

சிறுநீரகம் தேய்ந்த பூனைக்கு உப்புநீரைத் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். அதிலும் ஒரு விபத்து. அமெரிக்காவில் சில பூனைகள் உடலில் ஏற்றிய நீராலேயே நஞ்சேறியது 1983இல் பதிவானது. உப்பில் குறையில்லை, நீரிலும் குறையில்லை. கெடாமல் இருக்கச் சேர்த்திருந்த பென்சைல் ஆல்கஹால்தான் காரணம். புட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் படித்தவர்கள் அதற்குப் பிறகு பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் படிக்கலானார்கள்.

எல்லா மருந்தும் இப்படி அஞ்ச வேண்டியதாக இருந்ததா என்றால், அஞ்சியதே கேடாக முடிந்த கதையும் உண்டு. மார்ஃபின் கொடுத்தால் பூனைக்கு வெறி பிடிக்கும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. அறுவை முடிந்த பூனை தலைமுறை தலைமுறையாக வலியோடு கிடந்தது. பிறகு கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, வெறி பிடித்த பழைய சோதனைகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை ஏற்றியிருந்தது தெரிந்தது. இன்று கொடுப்பது 0.1 முதல் 0.2 மில்லிகிராம். நூறு மடங்கு ஏற்றினால் யாருக்குத்தான் வெறி பிடிக்காது!

வலி விஷயம் மறுபடி தலைதூக்கியது 2002இல். பன்னிரண்டு வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்ததில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம். பூனை நொண்டாது, முனகாது. சன்னல் திட்டில் ஏறாமல் விடும், அவ்வளவுதான். அதை முதுமையின் சோம்பல் என்று நினைத்திருந்தார்கள். திடீரென்று கிழப்பூனைகளுக்கெல்லாம் வலி மருந்து தேவைப்பட்டது. கையில் இருந்தது மெலாக்சிகம். அமெரிக்காவில் 2004இல் பூனைக்கு அனுமதி கிடைத்தது, அறுவையின்போது ஒரே ஒரு ஊசிக்கு மட்டும். மூட்டு வலியோ தினமும் இருக்கிறது. மருத்துவர் தம் பொறுப்பில் அனுமதிக்கு வெளியே ஒரு மருந்தைப் பயன்படுத்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. நாய்க்கான திரவத்தைச் சொட்டுக் கணக்கில் பூனைக்குக் கொடுத்தார்கள். கால் மாத்திரை இங்கே சொட்டானது.

நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைக் காப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்புகள். வலியை அடக்கும் இந்த வகை மருந்து அவற்றையும் அடக்கும். கிழப்பூனையின் சிறுநீரகமோ ஏற்கெனவே தேய்ந்தது. புகார்கள் சேர்ந்தன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் மருந்துத் தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது: மறுபடி மறுபடி கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கும், சாவும் நேரும். ஐரோப்பாவிலோ அதே மருந்துக்கு 2007இலேயே தினசரி அனுமதி இருந்தது, கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற சிறிய அளவில், பூனைக்கென்றே செய்த திரவமாக.

இதே மருந்துக்கு இந்தியாவில் கிடைத்த பெயர் நேரெதிரானது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து அவற்றை லட்சக்கணக்கில் கொன்றது என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பை அரசு தடை செய்தது. மாற்றாக முன்வைத்தது மெலாக்சிகத்தை. கழுகுகளுக்கு அது கேடு செய்யவில்லை என்று அதே ஆண்டு ஆய்வு காட்டியிருந்தது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் வட்டமிடும் கழுகுகளுக்குக் காவலாக நிற்கும் மருந்து, அமெரிக்கக் கிழப்பூனைக்குக் கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கிறது.

கண்ணைக் கெடுத்த மருந்தும் ஒன்று உண்டு. என்ரோஃப்ளாக்சசின் நல்ல நுண்ணுயிர்க்கொல்லி. 1990களின் பிற்பாதியில் அதன் அளவை உயர்த்திக் கொடுக்க இடமிருந்தது. சில வீடுகளில் பூனை நடுக்கூடத்தில் நாற்காலிக் காலில் முட்டியது. கண்மணி வெளிச்சத்திலும் அகல விரிந்து கிடந்தது. 2001இல் 17 பூனைகளின் விழித்திரைச் சிதைவு பதிவானது. பத்து ஆண்டு கழித்துக் காரணம் வந்தது: விழித்திரைக்குள் மருந்து புகாமல் வெளியே தள்ளும் காவல் புரதம் பூனையில் பழுதுபட்டது. சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும் முதிய பூனையின் ரத்தத்தில் மருந்து தங்கும் நேரமும் அதிகம். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரி அந்தக் கண்களின் விலை.

சில நேரம் மருந்தே குற்றவாளி இல்லை, அது போகும் வழிதான். வாயைத் திறந்து நாக்கின் பின்பக்கத்தில் மாத்திரையைத் தள்ளி, தொண்டையைத் தடவினால் பூனை விழுங்கிவிட்டது என்று நினைப்போம். 30 பூனைகளை எக்ஸ்ரே திரையில் பார்த்த 2001ஆம் ஆண்டு ஆய்வு வேறு சொன்னது. வறட்டு மாத்திரை ஐந்து நிமிடமாகியும் பெரும்பாலான பூனைகளின் உணவுக்குழாயிலேயே நின்றது. பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் இரைப்பை சேர்ந்தது. நின்றது டாக்சிசைக்ளின் மாத்திரையாக இருந்தால் அந்த இடம் வெந்து, தழும்பேறி, குழாய் குறுகிவிடும். மாத்திரைக்குப் பின் ஊசிக்குழாயில் ஒரு மடக்குத் தண்ணீர் என்ற பழக்கம் அங்கிருந்து பிறந்தது.

தைராய்டு நோயைக் கண்டுபிடித்து முப்பது ஆண்டு கழித்து, 2009இல், அமெரிக்காவில் பூனைக்கென்றே அனுமதி பெற்ற மெத்திமசோல் மாத்திரை வந்தது. அதுவரை மனிதருக்கான 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய மாத்திரை 2.5 மில்லிகிராமிலேயே கிடைத்தது, சர்க்கரைப் பூச்சோடு. பெட்டியில் ஒரு குறிப்பு: உடைக்காதீர்கள், நொறுக்காதீர்கள். பொடி கையில் படக் கூடாது, கருவுற்ற பெண்கள் கையுறையில்லாமல் தொடவே கூடாது. அடுக்களைக் கத்திக்கு முதன்முறையாக வேலை போனது.

மாத்திரையைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போகும் பூனைகளுக்கு அதே மருந்தைக் களிம்பாகக் குழைத்துத் தரும் மருந்துக்கடைகள் வந்தன. வாந்தி குறைந்தது, சொறிச்சல் முழுதாகப் போகவில்லை, சில பூனைகளுக்குக் காதும் சிவக்கிறது. வீட்டில் இருப்பவர் கையுறை போட்டுக்கொள்கிறார். நேற்றுத் தடவியதன் பொருக்கை ஈரப் பஞ்சால் துடைக்கிறார். பேனா போன்ற குழாயைத் திருகினால் விரல் நுனியில் ஒரு பொட்டு வரும். காலையில் இடது காது, ராத்திரி வலது காது. மறக்காமலிருக்க நாட்காட்டியில் இ, வ என்று எழுதிக்கொள்கிறார். காதின் உட்புறம் மயிரில்லாத இடத்தில் மெல்லத் தேய்க்கிறார். பதினாறு வயதுப் பூனை கண்ணைத் திறக்காமலே ஒருமுறை காதை உதறிவிட்டு மறுபடி தூங்குகிறது.